எந்த சிலிண்டர் என்று கேளுங்கள்

அவைத்தலைவர் அவர்களே, ஜார்ஜ்டவுனிலிருந்தும் ஜெலுத்தோங்கிலிருந்தும் பாலத்தைத் தாண்டிப் பிறை, பட்டர்வொர்த் பக்கமிருந்தும் வந்திருக்கும் லோரி முதலாளிமார்களே, ஓட்டுநர் அண்ணன்மார்களே, பட்டறையில் கைகழுவிவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் ஃபோர்மேன்களே, தொழிற்பயிற்சி மாணவத் தம்பி தங்கைகளே!

கவிதைக்கும் சமயத்துக்கும் பழகிய மேடை இது. இன்றைக்கு இங்கே எஞ்சின் பேசப்போகிறது. “லோரி நடுங்குவதைப் பற்றி ஒரு மணி நேரம் யார் உட்கார்ந்து கேட்பார்கள்?” என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டேன். “லோரி வைத்திருப்பவன் எல்லாம் கேட்பான்” என்றார்கள். நாற்காலிகளைப் பார்த்தால் அவர்கள் சொன்னதுதான் சரி.

பொருள் ஒன்றே ஒன்று. பழைய லோரி நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் சீராக ஓடவில்லை. உதறுகிறது, விக்குகிறது, ‘மிஸ்’ அடிக்கிறது. சிவப்பு விளக்கில் நின்றால் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிகிறது. கியர்க்கம்பி தானாக ஆடுகிறது. ஏன்? எதை முதலில் பார்ப்பது? எதைக் கடைசியில் பார்ப்பது? அதைத்தான் பேசப்போகிறேன்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. லெபோ சூலியாவில் ஒரு லோரி சாமான் இறக்க நின்றால் பின்னால் தெருவே நிற்கிறது. 1985இல் பினாங்குப் பாலம் திறந்தபோது இனிக் காத்திருப்பே இல்லை என்று நினைத்தோம். பதின்மூன்றரைக் கிலோமீட்டர்ப் பாலம், மாலை ஐந்து மணிக்கு எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையைச் சொல்லவே வேண்டாம். தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமான் ஏற்றிய லோரி, வெள்ளி ரதம் போகும் வேகத்தில்தான் போகும். இப்படி நின்று நின்று ஓடும் ஊரில், நிற்கும்போது எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதுதான் பாதிக் கதை. அதோடு வெயில், புழுக்கம், கடற்காற்றின் உப்பு, திடீர் மழை. வயரின் ரப்பரும் ஹோஸின் ரப்பரும் இங்கே சீக்கிரம் கிழடு தட்டும்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். நாலு சிலிண்டர் எஞ்சின், சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 750 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டரில் எரிப்பு நடக்கும். ஒரு சிலிண்டருக்கு நிமிடத்தில் 375. நாலுக்கும் சேர்த்து 1,500. நொடிக்கு 25 எரிப்பு. அந்த இருபத்தைந்தும் சம இடைவெளியில், சம பலத்தில் விழுந்தால் உங்கள் காதுக்கு அது ஒரே ரீங்காரம். இப்போது ஒரு சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்கிறது. நொடிக்கு ஆறு தடவை ஓர் ஓட்டை விழுகிறது. அந்த ஆறு ஓட்டைதான் உங்கள் கையில் ஸ்டியரிங்காக ஆடுகிறது. வேகம் கூடினால் ஃபிளைவீலின் சுழற்சி அந்த ஓட்டையை மூடி மறைக்கிறது. அதனால்தான் “ஓடினால் நல்லாத்தான் இருக்கு, நின்னாத்தான் உதறுது” என்கிறோம். ஓடும்போதும் அந்த சிலிண்டர் செத்ததாகவே இருக்கலாம், நமக்குத்தான் தெரியவில்லை.

சரி, உதறுகிறது. நம்மவர்கள் என்ன செய்கிறோம்? கடைக்குப் போகிறோம். “பிளக் ஒரு செட் கொடு” என்கிறோம். மாற்றுகிறோம். உதறுகிறது. காயில் மாற்றுகிறோம். உதறுகிறது. கார்பரேட்டரைக் கழற்றுகிறோம். உதறுகிறது. கடைசியில் யாரோ ஒருவர், “எஞ்சின் போச்சு அண்ணே, ஜப்பான் ஹாஃப்கட் பழைய எஞ்சின் ஒன்று வந்திருக்கு, இறக்கிடலாமா?” என்கிறார். இந்தக் கதை இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது.

இப்படி ஒரு லோரியை நான் பார்த்திருக்கிறேன். பசார் மாலாம் இரவுச்சந்தை வியாபாரி ஒருவருடைய பெட்ரோல் சிறு லோரி. பிளக் புதுசு, காயில் புதுசு, பிளக் வயர் புதுசு, கார்பரேட்டர் வேறொரு வண்டியிலிருந்து எடுத்தது. இத்தனையும் மாற்றியும், வண்டி நின்றால் உதறல் ஓயவில்லை. பழுது எங்கே இருந்தது? மேனிஃபோல்டிலிருந்து பிரேக் சர்வோவுக்குப் போகும் ஹோஸில், கிளிப்புக்கு அடியில், விரல் நகம் அளவு வெடிப்பு. வெளியே பார்த்தால் தெரியாது. ஹோஸை இடுக்கியால் அழுத்திப் பிடித்ததும் எஞ்சின் அமைதியாகிவிட்டது. அந்த ஹோஸின் விலையைச் சொன்னால் அந்த மனிதர் அழுதிருப்பார். நல்லவேளை, சிரித்தார்.

இந்த இடத்தில் பேச்சாளர் குறளில் மருந்து அதிகாரத்துக்குப் போவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது உங்களுக்கே மனப்பாடம், நான் ஸ்பேனரோடு நிற்கிறேன்.

என் பேச்சு முழுவதும் இரண்டே கேள்விதான். எந்த சிலிண்டர்? அதற்கு என்ன குறைகிறது? எரிப்பு நடக்க மூன்று வேண்டும்: அழுத்தம், எண்ணெய் (அதாவது பெட்ரோலோ டீசலோ), நேரத்துக்கு ஒரு தீ. பெட்ரோல் எஞ்சினில் தீயைப் பிளக் கொடுக்கிறது. டீசலில் அழுத்தத்தால் சூடாகும் காற்றே தீ கொடுக்கிறது. ஒட்டோ என்பவரின் நான்கு வீச்சு எஞ்சின் 1876இல் வந்தது, டீசல் என்பவரின் எஞ்சின் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ஓடிக்காட்டியது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த மூன்றைத் தாண்டி நாலாவது ஒன்று வரவில்லை. எந்த சிலிண்டர் என்று தெரியாமல் பொருள் வாங்காதீர்கள். என்ன குறைகிறது என்று தெரியாமல் பொருள் வாங்காதீர்கள்.

ஆனால் அந்த இரண்டு கேள்விக்கும் முன்னால் வாசலில் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. உதறுவது எஞ்சினா, எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பரா? எஞ்சின் மவுண்டிங் இற்றுப்போனால் ஆரோக்கியமான எஞ்சினும் கேபினை உலுக்கும். எப்படித் தெரியும்? எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பின்னால் நில்லுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தைக் குழாய் வாயருகே பிடியுங்கள். காகிதம் ஒரே தாளத்தில் துடித்தால் எஞ்சின் சீராக எரிகிறது, மவுண்டிங்கைப் பாருங்கள். தாளம் தப்பினால் மிஸ். காகிதத்தை அவ்வப்போது குழாய் உள்ளே இழுத்தால், எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படலாம். ஒரு காகிதத் துண்டு! எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

அடுத்தது, எப்போது உதறுகிறது? ஓட்டுநர் அண்ணன்மார்களே, இது உங்களுக்கான கேள்வி, ஃபோர்மேனுக்கு அல்ல. வண்டியோடு நாள் முழுக்க இருப்பது நீங்கள்தான். நின்றால் உதறி, மிதித்தால் சரியாகிறதா? அல்லது நின்றால் பரவாயில்லை, பாலிக் பூலாவ் ஏற்றத்தில் மூட்டையோடு ஏறும்போது விக்குகிறதா? இரண்டும் ஒரே நோயாகத் தோன்றும். இரண்டும் வேறு.

காரணம் சொல்கிறேன். நின்று ஓடும்போது எஞ்சின் குடிக்கும் காற்று மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு வெடிப்பு வழியாகக் கள்ளக் காற்று நுழைந்தால் கலவையே மாறிவிடுகிறது. நன்றாக மிதித்தால் காற்று வெள்ளமாக வருகிறது, அந்தக் கள்ளக் காற்று அதில் கரைந்து காணாமல் போகிறது. ஆகவே நின்றால் உதறல், மிதித்தால் சரி என்றால் ஹோஸ், கேஸ்கெட், கார்பரேட்டரின் ஐடில் ஜெட், வால்வு என்று போங்கள். ஏற்றத்தில் விக்கினால் கதை தலைகீழ். சிலிண்டருக்குள் அடைபடும் காற்று அதிகம், அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்துக்குள் தீப்பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயிலும் கசியும் வயரும் அங்கேதான் தோற்றுப்போகும். எரிபொருள் ஃபில்டர் அடைத்திருந்தாலும் அங்கேதான் தெரியும். பாருங்கள், ஸ்பேனரைத் தொடவே இல்லை, பாதி வழி வந்துவிட்டோம்.

மழைக்காலையில் மட்டும் உதறுகிறதா? டிஸ்டிரிபியூட்டர் மூடியையும் பிளக் வயரையும் சந்தேகியுங்கள். இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து, விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். செடிக்குத் தெளிக்கும் குப்பியால் வயர்மீது மெல்லத் தண்ணீர் தூவுங்கள். நீலப் பொறி வயரை விட்டு வெளியே தாவுவதைக் கண்ணால் காணலாம். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினால், உள்ளே பென்சில் கோடு போல ஒரு கறுப்புத் தடம் தெரியும். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தத் தடத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. துடைத்தால் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும்.

பாயிண்ட், கண்டென்சர், காயில் என்ற இந்த ஏற்பாடு அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் கொண்டுவந்தது, 1910இல் கேடிலாக் கார்களில் ஏறியது. பெட்ஃபோர்ட் பெட்ரோல் லோரி முதல் பழைய டட்சன் பிக்கப் வரை நம் ஊரில் ஓடியவை எல்லாம் அதன் பிள்ளைகள்தான். கம்ப்யூட்டர் இல்லை, ஸ்கேனர் சொருகத் துளை இல்லை. சில தம்பிமார் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். பழைய எஞ்சின் எதையும் ஒளிப்பதில்லை. எல்லாப் பழுதும் கைக்கும் காதுக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது. காது கொடுக்கத்தான் ஆளில்லை.

இப்போது முதல் கேள்வி. எந்த சிலிண்டர்?

பெட்ரோல் எஞ்சினில் ஓடவிட்டபடியே பிளக் வயரை ஒன்றொன்றாக எடுக்க வேண்டும். வெறும் கையால் அல்ல, ரப்பர்ப் பிடியுள்ள இடுக்கியால். எடுத்த வயரின் முனையை எஞ்சின் உடம்பில் படும்படி வைத்துவிடுங்கள். அந்தரத்தில் விட்டால், எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் மாட்யூலே போகும். ஒன்றாம் வயரை எடுத்தீர்கள், எஞ்சின் இன்னும் மோசமாகத் தடுமாறியது. நல்லது, ஒன்றாம் சிலிண்டர் உழைக்கிறது. மூன்றாம் வயரை எடுத்தீர்கள், ஒரு மாற்றமும் இல்லை. உழைக்காதவன் லீவு போட்டால் கடைக்கு என்ன நஷ்டம்? மூன்றுதான் ஆள். கண்டுபிடித்தாயிற்று.

இனி என்ன குறைகிறது என்று பாருங்கள். மூன்றாம் பிளக்கை நாலாவதிலும் நாலாவதை மூன்றிலும் மாற்றிப் போடுங்கள். பழுது பிளக்கோடு நாலுக்குப் போனால் பிளக் கெட்டது. மூன்றிலேயே நின்றால் பிளக் மேல் பழியில்லை. அடுத்து வயரை அப்படியே சோதியுங்கள். ஒரு காசு செலவில்லாத சோதனை இது. அதோடு பிளக்கின் முகத்தைப் படியுங்கள். வெளிர் பழுப்பு என்றால் நல்ல எரிப்பு. காய்ந்த கறுப்புத் தூள் என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் தீ கிடைக்கவில்லை, அல்லது அழுத்தம் இல்லை. எஞ்சின் எண்ணெய் பிசுபிசுத்தால் ரிங் அல்லது வால்வு வழியாக எண்ணெய் ஏறுகிறது. வெள்ளை வெளேர் என்றால் காற்று அதிகம், சூடு அதிகம்.

ஒரு எச்சரிக்கை. ஃபயரிங் ஆர்டரை எழுதிவைத்துக்கொண்டு வயரைக் கழற்றுங்கள். நம்மூர் நாலு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் 1-3-4-2. வயர் மாற்றிய அன்றே உதறல் தொடங்கியது என்றால் வேறெங்கும் தேடாதீர்கள், இரண்டு வயர் இடம் மாறியிருக்கும்.

கள்ளக் காற்றைத் தேட ஒரு கருவி உண்டு. வேக்குவம் கேஜ். விலை அதிகமில்லை. லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் காலை நேரத்தில் தேடினால் பழையது ஒன்று அகப்பட்டாலும் அகப்படும். மேனிஃபோல்டில் பொருத்தினால், நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும், முள் ஆடாது. நமக்கு ஒரு வசதி, ஜார்ஜ்டவுன் கடல்மட்டத்தில் இருக்கிறது, கழித்தல் கணக்குத் தேவையில்லை. கேமரன் மலையில் பட்டறை வைத்திருப்பவர் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கழிக்க வேண்டும். முள் கீழே இறங்கி அசையாமல் நின்றால் கள்ளக் காற்று, அல்லது இக்னிஷன் நேரம் பின்தங்கியிருக்கிறது. முள் ஒரே தாளத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் ஒரு வால்வு தன் முறை வரும்போதெல்லாம் ஏமாற்றுகிறது. இவ்வளவு பேசும் கருவியை நம் பட்டறைகளில் எத்தனை இடத்தில் பார்க்கிறோம்? மூன்று இடத்தில் ஏர்கன் இருக்கும், ஒரு இடத்திலும் கேஜ் இருக்காது.

கள்ளக் காற்றைக் கண்டுபிடிக்கச் சிலர் சூடான எஞ்சின்மேல் கார்பரேட்டர் கிளீனரை அடிக்கிறார்கள். பக்கத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் தீயாய்க் கொதிக்கிறது. சோப்புத் தண்ணீர் போதும் ஐயா. இன்னொன்று, நம் கடைவீட்டுப் பட்டறைகள் நீளம், ஒடுக்கம். உதறும் எஞ்சினை உள்ளே ஓடவிட்டு வேலை பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தலைவலி வந்த பிறகு வெளியே வருவதை விட, லோரியை வாசலுக்குத் தள்ளுவது மேல்.

இப்போது டீசலுக்கு வருகிறேன். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் முக்கால்வாசிப்பேர் டீசல் ஆட்கள்தான். இசுஸு, டொயோட்டா, மிட்சுபிஷி என்று பெயர் எதுவானாலும், பழைய பம்ப் வைத்த டீசலுக்கு வழி ஒன்றே. பிளக் வயர் இல்லை, அதற்குப் பதில் நோசிலுக்குப் போகும் இரும்புக் குழாய் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாயின் நட்டை ஒன்றொன்றாக அரைத்திருப்பு தளர்த்துங்கள். டீசல் அங்கேயே வழிந்துவிடும், அந்த சிலிண்டருக்குப் போகாது. சத்தம் மாறினால் அவன் உழைப்பவன். மாறாவிட்டால் அவன்தான் ஆள். கண்ணுக்குக் கண்ணாடி, நட்டைச் சுற்றித் துணி, கை விலகி இருக்க வேண்டும். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் மருந்துக்கடைக்கு அல்ல, நேரே ஆஸ்பத்திரிக்கு. காமன்ரெயில் வண்டியில் இந்த வேலையைக் கனவிலும் செய்யாதீர்கள். அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். நான் பேசுவது பழைய லோரியைப் பற்றி மட்டும்.

பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் ஏற்றும் லோரி ஒன்று. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, உதறல். சூடானால் புகை குறையும், உதறல் குறையாது. மூன்றாம் நட்டைத் தளர்த்தினால் மாற்றமில்லை. நோசிலைக் கழற்றிச் சோதனை மேசையில் பொருத்திப் பார்த்தார்கள். தூவலாகப் பீய்ச்ச வேண்டியது, குழாய்த் தண்ணீர் போல ஒழுகியது. நோசில் மாற்றினால் வேலை முடிந்ததா? முடியவில்லை என்று அந்த ஃபோர்மேன் சொன்னார். நோசில் ஏன் கெட்டது? ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் பிரிப்பானைத் திறந்தார். டீசலைவிடத் தண்ணீர் அதிகம் வந்தது. டாங்க்கின் அடியில் துருச் சேறு. டாங்க்கைக் கழுவாமல் நோசிலை மட்டும் மாற்றியிருந்தால், புதுசும் பழைய வழியே போயிருக்கும். எந்த சிலிண்டர் என்று கேட்டார், என்ன குறைகிறது என்று கேட்டார், ஏன் குறைந்தது என்றும் கேட்டார். இவரைப் போன்றவர்களைத்தான் ஃபோர்மேன் என்று கூப்பிட வேண்டும்.

பழைய டீசல் வைத்திருப்பவர்கள் கவனிக்க இன்னொரு செய்தி. 2019இல் நம் நாட்டில் லோரிக்கு நிரப்பும் டீசலில் பத்து சதவீதம் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலக்கத் தொடங்கினார்கள். அது கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மூன்று குணம். பழைய டாங்க்கில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பும், கிளம்பிய அழுக்கு ஃபில்டரில் போய் உட்காரும். தண்ணீரைச் சாதா டீசலைவிட அதிகமாக ஈர்த்துவைக்கும். பழைய காலத்து ரப்பர் ஹோஸ் சிலவற்றை இளக்கவும் செய்யும். இளகிய ஹோஸ் வழியாக டீசல் வெளியே சொட்டினால் தெரியும். காற்று உள்ளே போனால் தெரியாது. காற்று போனால் டீசல் உதறும், சில நாள் நின்றே போகும். பம்புக்கு முன்னால் கொஞ்சதூரம் தெளிவான பிளாஸ்டிக் குழாய் மாட்டி ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் காற்று. நோசில் கடைக்குப் போக வேண்டாம், ஹோஸ் கடைக்குப் போங்கள்.

புகையும் பேசும். வெள்ளை என்றால் எரியாத டீசல். கறுப்பு என்றால் டீசலுக்குத் தக்க காற்று இல்லை. நீலம் என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகையோடு ஆறு மாதத்துக்கொருமுறை புஸ்பகோம் வாகனச் சோதனை வரிசையில் நிற்பவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோதனைக்கு முந்தின நாள் மட்டும் பம்ப் ஸ்குருவைத் திருகி டீசலைக் குறைத்து, மறுநாள் மறுபடி ஏற்றும் வித்தையும் நமக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம், வேறு வேறு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தீயும் சரி, எண்ணெயும் சரி, காற்றும் சரி. இன்னும் உதறுகிறது. அப்போதுதான் அழுத்தம். அழுத்தத்துக்கு முன்னால் வால்வு இடைவெளியை அளந்துவிடுங்கள். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. டாப்பெட் ‘டக் டக்’ என்று அடித்தால் பயப்படுகிறோம். அடிக்காவிட்டால் சந்தோஷப்படுகிறோம். நான் சொல்வேன், அடிக்கிற டாப்பெட்டைவிட அமைதியாகிப்போன டாப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். ஏன்? வால்வு தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிறங்கும். இறங்க இறங்க இடைவெளி சுருங்கும், சத்தம் அடங்கும். ஒரு நாள் இடைவெளியே இல்லாமல் போகும். வால்வு முழுசாக மூடாது. மூடாத வால்வு தன் சூட்டை இருக்கைக்கு இறக்க முடியாமல் எரிந்துபோகும். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த பழைய எஞ்சின்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். இங்கே ஈயப் பெட்ரோல் நின்று கால் நூற்றாண்டாகிறது. சத்தம் அடங்கியதும் “எஞ்சின் பூப்போல இருக்கு” என்று பெருமைப்பட்டவர், அடுத்த வருஷம் ஹெட்டை இறக்குகிறார்.

இடைவெளி சரியென்றால் கம்ப்ரஷன் கேஜை எடுங்கள். பெட்ரோலுக்கு வேறு, டீசலுக்கு வேறு. பழைய பெட்ரோல் எஞ்சின் 150 பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால் திருப்தி. டீசல் 400ஐ ஒட்டி நிற்கும், பெட்ரோல் கேஜை அதில் சொருகினால் கேஜ்தான் போகும். எண்ணைவிட முக்கியம் நாலும் சமமாக இருப்பது. மூன்று 150, ஒன்று 90 என்றால் அந்த ஒன்று பிடிபட்டது. பெட்ரோல் எஞ்சினில் அந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளவெடுங்கள். எண் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட். ஹெட்டைத் திறக்காமலே உள்ளே என்ன என்று தெரிந்துவிட்டது. ஹாஃப்கட் எஞ்சின் பேச்சை எடுக்க வேண்டியது இங்கேதான், இதற்கு முன்னால் அல்ல.

“இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன?” என்று கேட்பவர்களும் உண்டு. ஓடும். ஆனால் எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே சம்ப்பில் இறங்கும். எண்ணெய் நீர்க்கும். நீர்த்த எண்ணெய் பேரிங்கைத் தின்னும். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் காத்திருக்க நேரமில்லை.

நேரம் ஆகிவிட்டது, அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இன்னும் பாக்கி.

நான் இதுவரை சொன்ன சோதனைகளில் ஒன்றுகூட விலை உயர்ந்ததல்ல. காகிதம், இடுக்கி, தண்ணீர்க் குப்பி, ஒரு ஸ்பேனர், இரண்டு கேஜ். பிறகு ஏன் யாரும் செய்வதில்லை? ஃபோர்மேனுக்குத் தெரியாது என்பதா காரணம்? இல்லை. பல பேருக்குத் தெரியும். செய்தால் அவருக்குக் காசு கிடைப்பதில்லை, அதுதான் காரணம். ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டு, ஹோஸ் வெடிப்பைக் கண்டுபிடித்து, பத்து வெள்ளி ஹோஸ் மாட்டிக் கொடுத்தால், “பத்து வெள்ளி ஹோஸுக்கு இவ்வளவு கூலியா?” என்று சண்டை போடுகிறோம். நூற்றுக்கணக்கான வெள்ளிக்குச் சாமான் மாற்றிவிட்டுப் பில் நீட்டினால் பேசாமல் கொடுக்கிறோம். பொருளுக்குக் காசு, அறிவுக்குக் காசில்லை என்று நாமே பழக்கிவைத்திருக்கிறோம். பிறகு பட்டறைக்காரர் பொருளை விற்காமல் என்ன செய்வார்? பழியை அவர்மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

தொழிற்பயிற்சி மாணவர்களே, ஸ்கேனர் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், நல்லது. ஆனால் பழைய லோரி உள்ளவரை வேக்குவம் கேஜும் கற்றுக்கொள்ளுங்கள். ஃபோர்மேன்களே, பார்க்கும் கூலி இவ்வளவு என்று பலகையில் எழுதி வையுங்கள். வெட்கப்படாதீர்கள். ஓட்டுநர் அண்ணன்மார்களே, எப்போது உதறுகிறது, மழையிலா வெயிலிலா, நிற்கும்போதா ஏறும்போதா, எண்ணெய் நிரப்பிய மறுநாளா என்று டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் குறித்துவையுங்கள். பட்டறையில் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

லோரி முதலாளிமார்களே, உங்களிடம்தான் கடைசி வேண்டுகோள். அடுத்த முறை லோரியைப் பட்டறையில் விடும்போது “பிளக் மாத்திடுங்க” என்று சொல்லாதீர்கள். “எந்த சிலிண்டர், என்ன குறைகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், பார்க்கும் கூலியைத் தனியாகத் தருகிறேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி கொடுங்கள்.